ரிசர்வ் விமான மெக்கானிக்: இடைவெளிக்குப் பிறகு ஹேங்கருக்குத் திரும்புகிறவர்களுக்கு

விமானப்படையில் டெக்னிக்கல் டிரேடில் (தொழில்நுட்பப் பிரிவில்) வேலை பார்த்து விடுபட்டு வந்தவர்களைக் குமரி மாவட்டத்தில் பல ஊர்களில் பார்க்கலாம். முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருப்பார்கள், குளச்சலிலும் முட்டத்திலும் படகு இன்ஜின் வேலையில் இருப்பார்கள், வங்கிக் காவலிலும் சொந்தப் பட்டறையிலும் இருப்பார்கள். இவர்களில் ஒருவருக்கு ரிசர்வ் (பணியை விட்ட பிறகும் தேவைப்பட்டால் திரும்ப அழைக்கப்படும் படை) பயிற்சிக்கோ பணிக்கோ மறுபடி அழைப்பு வந்தால் என்ன தயார் செய்ய வேண்டும், விமானத்தின் பக்கத்தில் போனதும் எதில் கவனம் வைக்க வேண்டும் என்பதற்கான வழிகாட்டி இது. புதிதாக டிரேடில் சேரப்போகும் ஐடிஐ, டிப்ளமோ பிள்ளைகளுக்கும் இதில் பாதிக்கு மேல் பயன்படும்.

இடைவெளி விட்டு வருகிறவருக்கு மறதியை விடப் பெரிய ஆபத்து, மறக்கவில்லை என்ற நம்பிக்கைதான். மறந்துபோனவர் புத்தகத்தைத் திறப்பார். "இது எனக்குத் தெரிஞ்ச வேலைதானே" என்று நினைக்கிறவர் திறக்க மாட்டார். அவர் வெளியே இருந்த காலத்தில் அந்த வேலைக்கான டார்க் அளவு, அதாவது போல்ட்டை முடுக்க வேண்டிய முறுக்கு விசை, திருத்தப்பட்டிருக்கலாம், கசிவை அடைக்கும் சீலன்ட் மாறியிருக்கலாம், போல்ட்டின் பார்ட் நம்பர் மாறியிருக்கலாம். அதனால் கீழே சொல்லியிருப்பவை எல்லாமே ஞாபகத்தை நம்பாமல் வேலை செய்யும் பழக்கங்கள்.

அழைப்பும் காகிதமும்

இந்தியாவில் விமானப்படை ரிசர்வுக்கு அடிப்படை 1952-ஆம் ஆண்டின் ரிசர்வ் மற்றும் துணை விமானப்படைகள் சட்டம். உங்களுக்கு ரிசர்வ் கடமை உண்டா, எத்தனை காலம் என்பது நீங்கள் சேர்ந்தபோது கையெழுத்திட்ட நிபந்தனையைப் பொறுத்தது. டீக்கடையில் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து வாசியுங்கள். முகவரி மாறியிருந்தால் ஆவண அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அழைப்பின் பேரில் பணிக்குப் போகிறவரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளும் கடமை முதலாளிக்கு உண்டு என்று அதே சட்டம் சொல்கிறது. ஆகவே அழைப்பு ஆணையின் நகல் ஒன்றைக் கம்பெனியில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டிரேடு சான்றிதழ்கள், எந்தெந்த விமானத்தில் எந்தெந்த சர்வீசிங் செய்தீர்கள் என்ற பதிவு, கண்ணாடி போடுகிறவர் என்றால் புதிய பவர் சீட்டு, இவ்வளவும் ஒரே உறையில் இருக்கட்டும். கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். நாற்பதைத் தாண்டினால் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும் பார்வை மெல்ல மங்கும். போல்ட் கழலாமல் இருக்கக் கட்டும் லாக் வயரில் விழுந்த கீறலும் போல்ட் தலையில் ஓடும் மெல்லிய விரிசலும் அந்தத் தூரத்தில்தான் தெரிய வேண்டியவை.

போனதும் கேட்க வேண்டியது

யூனிட்டுக்குப் போன முதல் நாளே ஸ்பேனரைத் தொட வேண்டாம். இந்த விமானத்தில், இந்த வேலைக்கு எனக்கு அங்கீகாரம் இருக்கிறதா, அது எழுத்தில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். முன்பு நீங்கள் சார்ஜென்டாக இருந்து பத்துப் பேருக்கு வேலை சொல்லிக்கொடுத்தவராக இருக்கலாம். ஆனால் ரெஃப்ரெஷர் முடிந்து அங்கீகாரம் வரும் வரை இன்னொருவர் மேற்பார்வையில்தான் கை வைக்க வேண்டும். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. உங்களைவிட இருபது வயது இளைய கார்ப்பரல் நேற்று வரை அந்த விமானத்தில் வேலை பார்த்தவர். அந்த விமானத்தைப் பற்றி இன்றைக்கு அவருக்குத்தான் கூடத் தெரியும்.

அடுத்து, கையேட்டின் திருத்தப் பக்கம். ஒவ்வொரு கையேட்டின் முன்பக்கத்திலும் திருத்தப் பட்டியல் இருக்கும். கடைசித் திருத்தத்தின் எண்ணும் தேதியும் நூலகப் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஹேங்கர் (விமானப் பராமரிப்புக் கொட்டகை) மேசையில் எண்ணெய்க் கறையோடு கிடக்கும் ஜெராக்ஸ் தாளை நம்பி ஒரு நட்டையும் முடுக்கக் கூடாது.

பாகத்தைக் கண்ணளவில் பொருத்திப் பார்த்து எடுப்பதும் கூடாது. 1990 ஜூன் 10-ஆம் தேதி பிரிட்டிஷ் ஏர்வேஸின் பிஏசி 1-11 விமானம் ஒன்று 17,300 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது அதன் முன் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது. சக ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொண்டதால் பிழைத்தார். விசாரித்தபோது, முந்தைய நாள் அதிகாலையில் மாட்டிய 90 போல்ட்டுகளில் 84 குறைந்த விட்டம் கொண்டவை என்று தெரிந்தது. பழைய போல்ட்டைக் கையில் வைத்து, அதைப் போலவே தெரிந்ததை எடுத்திருந்தார்கள். பாகங்களின் பட்டியலைத் திறந்து நம்பரைப் பார்த்திருந்தால் சில நிமிடம்தான் ஆகியிருக்கும். பழைய பாகமே தவறாக மாட்டப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு என்பதையும் மனதில் வையுங்கள். அந்த விமானத்தில் கழற்றிய பழைய போல்ட்டுகளில் பலவும் சரியானவை அல்ல.

டூலை எண்ணுவது

வேலை தொடங்கும் முன், இடம் மாறும்போது, பேனலை மூடும் முன், வேலை முடிந்ததும் என நான்கு முறை எண்ணுங்கள். டூல் போர்டில் ஒவ்வொரு டூலுக்கும் அதன் உருவம் வரைந்த இடம் இருக்கும். எடுத்த இடத்தில் உங்கள் டோக்கன் தொங்க வேண்டும். எட்டு மில்லி சாக்கெட் ஒன்றைக் காணவில்லை என்றால் அது கிடைக்கும் வரை விமானம் நகராது. உடனே சொல்லுங்கள். மறைத்துவிட்டுத் தேடும் ஒவ்வொரு நிமிடமும் தேட வேண்டிய இடத்தைப் பெரிதாக்கும், ஏனென்றால் அதற்குள் மற்றவர்கள் பேனல்களை மூடிவிடுவார்கள்.

செல்போன், மோதிரம், வாட்ச், சட்டைப் பையில் பேனா எதுவும் வேண்டாம். மோதிரம் பேட்டரி முனையில் பட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். ஏணியில் இருந்து குதிக்கும்போது எதிலாவது மாட்டினால் விரலின் தோலையே உரித்துவிடும். போனுக்கு இன்னொரு காரணமும் உண்டு: ஹேங்கரில் எடுத்த ஒரு படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனாலும் அது பாதுகாப்பு மீறல்தான்.

லாக் வயர்: வீட்டிலேயே பழகலாம்

கைப்பழக்கம் முதலில் தேய்வது லாக் வயரில்தான். அறிவு அப்படியே இருக்கும், விரல் ஒத்துழைக்காது. அழைப்பு வரும் வரை காத்திராமல் வீட்டிலேயே ஒரு பயிற்சிப் பலகை செய்துகொள்ளலாம். கால் அங்குல கனத்தில் ஒரு இரும்புத் தகடு, அதில் மரை போட்ட ஆறு எட்டுத் துளைகள், எம்8 அறுகோண போல்ட்டுகள். போல்ட் தலையில் மூலைக்கு மூலை 1.5 மில்லி துளை போட வேண்டும். நாகர்கோவிலில் ஏதாவது லேத் பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள். நீங்களே போடுவதானால் சென்டர் பஞ்ச் அடித்து, கட்டிங் ஆயில் விட்டு, மெதுவான வேகத்தில் துளையுங்கள். வேகம் கூடினால் பிட் ஒடியும். துளையின் விளிம்பில் இருக்கும் பிசிறை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வயரை அறுக்கும்.

வயருக்கு 0.032 அங்குலம், அதாவது 0.8 மில்லி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஹார்டுவேர் கடையின் கட்டுக்கம்பியில் முதல் சில முறை முறுக்கிப் பார்க்கலாம். ஆனால் அது எளிதாக வளையும், கைக்குத் தவறான பழக்கத்தைக் கொடுக்கும். பயிற்சிப் பலகையின் வயரும் போல்ட்டும் வீட்டோடு இருக்கட்டும். விமானத்தில் போடுவது ஸ்டோரில் இருந்து லேபிளோடு வந்தது மட்டும்தான்.

இரண்டு போல்ட்டுகளைச் சேர்த்துக் கட்டும் இரட்டை முறுக்கு முறை இப்படி:

1. இரண்டு போல்ட்டுகளையும் முதலில் சரியான டார்க்குக்கு முடுக்குங்கள். துளை வசதியான கோணத்தில் வரவில்லை என்றால் கையேட்டில் கொடுத்த குறைந்த அளவுக்கும் கூடிய அளவுக்கும் இடையில் நகர்த்திப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் வாஷரையோ போல்ட்டையோ மாற்றுங்கள். துளைக்காகப் போல்ட்டைத் தளர்த்தக் கூடாது, அளவைத் தாண்டி முடுக்கவும் கூடாது.

2. முதல் போல்ட்டின் துளையில் வயரைப் பாதி நீளம் வரை நுழையுங்கள். ஒரு முனை தலையைச் சுற்றி வந்து, துளையில் இருந்து வெளிவரும் முனையின் அடியில் சேர வேண்டும்.

3. இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்தபடி முறுக்குங்கள். 0.032 வயருக்கு ஒரு அங்குலத்தில் 6 முதல் 8 முறுக்கு. அடுத்த போல்ட்டின் துளைக்கு 3 மில்லி முன்னால் முறுக்கு நிற்க வேண்டும். முறுக்கின் நடுப்பகுதியை பிளையரால் கடிக்காதீர்கள். பல் பதிந்த இடத்தில்தான் பிறகு வயர் அறும்.

4. ஒரு முனையை இரண்டாவது போல்ட்டின் துளை வழியே விடுங்கள், மற்றதைத் தலையைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். இப்போது எதிர்த்திசையில் முறுக்குங்கள். அப்போதுதான் வளையம் தலையின் மேலே ஏறி நழுவாமல் கீழேயே அமரும்.

5. கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை வால் விட்டு வெட்டுங்கள். வெட்டும்போது வெட்டுப்படும் துண்டை மற்றக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் கண்ணுக்குத் தெறிக்கும் அல்லது இன்ஜினுக்குள் போகும். வாலை உள்பக்கமாக மடக்குங்கள், அடுத்து அங்கே கை வைக்கிறவரின் விரலைக் கிழிக்கக் கூடாது.

கடைசியாக ஒரு சோதனை: போல்ட் கழல முயன்றால் இந்த வயர் இறுகுமா, தளருமா? வலது மரை போல்ட்டுகளுக்கு இடையில் வயர் ஒரு சாய்ந்த கோடாக, ஒரு தலையின் பக்கத்தில் இருந்து மறுதலையின் எதிர்ப்பக்கத்துக்குப் போக வேண்டும். இடது மரைக்கு இது தலைகீழ். பார்வைக்கு அழகாக முறுக்கிய வயர் தவறான திசையில் கட்டப்பட்டிருந்தால், அது போல்ட் கழலவே உதவும்.

முறுக்கு கூடினால் வயர் கடினமாகி அதிர்வில் ஒடியும். குறைந்தால் இரண்டு இழைகளும் ஒன்றோடொன்று உரசித் தேயும். ஒருமுறை அவிழ்த்த வயரைத் திரும்பப் போடக் கூடாது. ஸ்பிளிட் பின்னுக்கும் இதே விதி.

டார்க் ரெஞ்சும் கணக்கும்

விமானப்படையில் பல நாட்டு விமானங்கள் இருக்கின்றன. சுகோய்-30 போன்ற ரஷ்ய விமானங்களின் ஏட்டில் டார்க் கிலோகிராம்-மீட்டரில் இருக்கும், அமெரிக்க இன்ஜினின் ஏட்டில் இன்ச்-பவுண்டில் இருக்கும், இன்னொன்றில் நியூட்டன்-மீட்டரில். காற்றாலையில் நியூட்டன்-மீட்டர் மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய பொறி. 1 கிலோகிராம்-மீட்டர் என்பது 9.8 நியூட்டன்-மீட்டர். 1 நியூட்டன்-மீட்டர் என்பது 8.85 இன்ச்-பவுண்ட். இன்ச்-பவுண்டுக்கும் ஃபுட்-பவுண்டுக்கும் இடையில் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம், அந்த இடத்தில் தவறினால் போல்ட் கையிலேயே ஒடியும். ஒடிந்தாலாவது தெரியும். ஒடியாமல் நீண்டுபோய் உள்ளே இருப்பதுதான் கெட்டது. முடிந்தவரை அளவை மாற்றிக் கணக்குப் போடாமல், ஏட்டில் இருக்கும் அதே அலகில் குறியிட்ட ரெஞ்சைக் கேட்டு வாங்குங்கள்.

ரெஞ்சை வாங்கியதும் காலிபரேஷன் (அளவுச் சரிபார்ப்பு) சீட்டின் தேதியைப் பாருங்கள். தேதி தாண்டியிருந்தாலோ, கீழே விழுந்தது என்று யாராவது சொன்னாலோ, அதைப் பயன்படுத்தாமல் திருப்பிக் கொடுங்கள். கிளிக் ரெஞ்ச் என்றால் வேலைக்கு முன் சில முறை கிளிக் செய்து உள்ளே இருக்கும் எண்ணெயைப் பரவ விடுங்கள். கைப்பிடியின் நடுவில் பிடித்து, வெட்டி இழுக்காமல் சீராக இழுங்கள். ஒரு கிளிக் கேட்டதும் நிறுத்துங்கள். "உறுதிக்கு" இரண்டாவது கிளிக் செய்வது பட்டறைப் பழக்கம், அதில் ஒவ்வொரு முறையும் அளவு கூடும். வேலை முடிந்ததும் ரெஞ்சை அதன் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள், பூஜ்யத்துக்கும் கீழே அவிழ்க்க வேண்டாம். டார்க் ரெஞ்சால் போல்ட்டைக் கழற்றவே கூடாது.

குறுகிய இடத்துக்காக ரெஞ்சின் தலையில் நீட்டம் (எக்ஸ்டென்ஷன்) மாட்டினால் கணக்கு மாறும். ரெஞ்சின் நீளம் 10 அங்குலம், நேராக மாட்டிய நீட்டம் 2.5 அங்குலம், போல்ட்டுக்கு வேண்டியது 100 இன்ச்-பவுண்ட் என்று வையுங்கள். ரெஞ்சில் வைக்க வேண்டிய அளவு: 100 × 10 ÷ 12.5 = 80. கணக்குப் போடாமல் 100 என்று வைத்து இழுத்தால் போல்ட்டில் 125 விழும். ரெஞ்சின் நீளத்தை அதன் தலையின் மையத்தில் இருந்து கைப்பிடியின் மையம் வரை அளக்க வேண்டும், கைப்பிடியின் நுனி வரை அல்ல. நீட்டத்தை ரெஞ்சுக்குச் செங்குத்தாக மாட்டினால் திருத்தம் தேவையில்லை.

மரையில் எண்ணெய் போடுவதைப் பற்றிக் கையேடு என்ன சொல்கிறது என்று பாருங்கள். உலர்ந்த மரைக்குக் கொடுத்த அளவை எண்ணெய் தடவிய மரையில் வைத்தால் உராய்வு குறைந்து அதே டார்க்கில் போல்ட் கூடுதலாக இழுபடும். படகு இன்ஜினில் எல்லா மரைக்கும் கிரீஸ் வைத்துப் பழகியவர்கள் இங்கே கையைக் கட்டுப்படுத்த வேண்டும்.

தானாக இறுகும் நட்டுக்கு அதன் சொந்த இழுவை உண்டு. பொருளைத் தொடும் முன்பே நட்டைப் போல்ட்டில் சுற்றும்போது ரெஞ்சில் தெரியும் எதிர்ப்பு அது. கையேடு சேர்க்கச் சொன்னால் அதை அளந்து, குறித்த டார்க்கோடு கூட்டுங்கள். விரலாலேயே முழுக்கச் சுற்ற முடிகிற நட்டின் ஆயுள் முடிந்துவிட்டது, எறிந்துவிடுங்கள். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும் இடத்தில் ஆகாது. இன்ஜின் பக்கத்தில் முழுக்க உலோகத்தால் ஆன நட்டுதான்.

முடுக்கி முடித்த ஒவ்வொன்றிலும் முடுக்கியதற்கு அடையாளமாக உடனுக்குடன் சாயக் கோடு போடுங்கள். எல்லாவற்றையும் முடுக்கிவிட்டுக் கடைசியில் மொத்தமாகக் கோடு இழுத்தால், விட்டுப்போன போல்ட்டுக்கும் கோடு விழுந்துவிடும்.

உப்புக் காற்று

மணவாளக்குறிச்சியிலோ கன்னியாகுமரியிலோ கடலோர வீட்டின் ஜன்னல் கம்பியைச் சுரண்டிப் பார்த்தவருக்கு உப்பு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. திருவனந்தபுரம், கொச்சி, கார் நிக்கோபார் போன்ற கடலோரத் தளங்களில் நிற்கும் விமானத்துக்கும் அதே காற்றுதான். ஆனால் அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து துருப்பிடிக்காது. வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பொடியாக வரும். பெயின்ட்டுக்கு அடியில் தொடங்கினால் மேலே புழு ஊர்ந்தது மாதிரி நெளிந்த கோடோ கொப்புளமோ தெரியும். உலோகம் ஏடு ஏடாகப் பிரிந்து வீங்கியிருந்தால் அது முற்றிய நிலை, உடனே மேலே தெரிவிக்க வேண்டும். ரிவெட்டின் பின்பக்கமாகக் காற்றுத் திசையில் கறுப்புக் கோடு இழுத்திருந்தால் அது அழுக்காக இருக்காது. ரிவெட் தளர்ந்து ஆடி உரசிய தூளாக இருக்கலாம். துடைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். எழுதி வைத்துவிட்டுத் துடையுங்கள்.

கழுவும்போது, சூடான மேற்பரப்பில் வேலை செய்யாதீர்கள், சோப்பு காய்ந்து படியும். சோப்புக் கரைசலைக் கீழிருந்து மேலாகத் தடவி, நன்னீரால் மேலிருந்து கீழாக அலசுங்கள். கனெக்டர், பேரிங், பிரேக் மேல் அழுத்தத் தண்ணீரை அடிக்காதீர்கள். வயிற்றுப் பக்கம் இருக்கும் வடிகால் துளைகள் ஒவ்வொன்றும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அடைபட்ட ஒரு துளை ஒரு பெட்டிக்குள் மழைத் தண்ணீரையும் உப்பையும் மாதக்கணக்கில் வைத்திருக்கும். குமரியில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்வதால் ஈரம் வருஷத்தில் பாதி நாள் விடாது என்பதை இங்கே வளர்ந்தவர்கள் அறிவார்கள். கடலோரத் தளத்திலும் அதை மனதில் வைத்துப் பாருங்கள். அலசி முடித்துத் துடைத்ததும் கிரீஸ் முனைகளில் மறுபடி கிரீஸ் ஏற்ற வேண்டும், ஏனென்றால் கழுவும்போது பழையது போய்விடுகிறது.

வேகத்தையும் உயரத்தையும் காட்டும் கருவிகளுக்குக் காற்றழுத்தம் கொடுக்கும் பிட்டாட் குழாயையும் ஸ்டாட்டிக் துளைகளையும் கழுவும் முன் மூடுவோம். அதற்கென்று உள்ள சிவப்புக் கொடி தொங்கும் மூடியால் மட்டும் மூடுங்கள். 1996 அக்டோபர் 2-ஆம் தேதி ஏரோபெரு 603 என்ற போயிங் 757 விமானம் லிமாவில் இருந்து கிளம்பிக் கடலில் விழுந்து, அதில் இருந்த 70 பேரும் இறந்தார்கள். கழுவி மெருகேற்றியபோது ஸ்டாட்டிக் துளைகளின் மேல் ஒட்டிய டேப்பை எடுக்காமல் விட்டதே காரணம். இரவில் விமானிக்கு உயரமும் வேகமும் எதுவும் சரியாகக் காட்டவில்லை. டேப்பின் நிறம் விமானத்தின் உடலோடு ஒன்றிப்போயிருந்தது. மூடிகளை எண்ணி மாட்டுங்கள், எண்ணி எடுங்கள், எண்ணிக்கையை எழுதுங்கள்.

அரிப்பை எடுக்க அலுமினியத்தின் மேல் இரும்புக் கம்பளி போடாதீர்கள். அதன் துகள் பதிந்து புதிய அரிப்பு தொடங்கும். கையேடு அனுமதிக்கும் நைலான் பட்டையைப் பயன்படுத்துங்கள். சுரண்டி முடித்ததும் குழியின் ஆழத்தை அளந்து, கட்டமைப்புக் கையேட்டின் வரம்போடு ஒப்பிடுங்கள். வரம்பு தாண்டினால் மேல் அதிகாரிக்குப் போக வேண்டும். பெயின்ட் அடித்து மூடினால் அடுத்தவர் கண்ணில் இருந்து நீங்கள் மறைக்கிறீர்கள் என்று அர்த்தம். அலுமினியத் தகட்டில் சாதாரணப் பென்சிலால் குறியிடவும் கூடாது. பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அந்தக் கோட்டிலேயே அரிப்பு ஓடும்.

உங்கள் சொந்த டூல் பெட்டிக்கும் இது பொருந்தும். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

உயிருக்கு ஆபத்தானவை

ஹைட்ராலிக் குழாயில் அழுத்தம் 3,000 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். ஊசிமுனைக் கசிவைக் கையால் தடவித் தேடினால் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு சின்னப் புள்ளி மட்டும் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் கையை இழக்கும் நிலை வரலாம். அட்டைத் துண்டை வைத்துத் தேடுங்கள். தோலில் பட்டது என்று சந்தேகம் வந்தாலே நேராக அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய், எந்த எண்ணெய், எவ்வளவு அழுத்தம் என்று சொல்லுங்கள். ராணுவ விமானங்களில் பரவலாக உள்ள சிவப்பு எண்ணெயும் பெரிய பயணிகள் விமானங்களின் ஊதா எண்ணெயும் ஒன்றுக்கொன்று ஆகாது. கலந்தால் சீல்கள் வீங்கிக் கெடும்.

ஆக்சிஜன் வேலைக்குப் போகும் முன் கையையும் டூலையும் துணியையும் பாருங்கள். சிறிதளவு கிரீஸ் இருந்தாலும் அழுத்த ஆக்சிஜனில் தீப்பிடிக்கும்.

போர் விமானத்தின் காக்பிட்டில் ஏறும் முன், ஆபத்தில் விமானியை வெளியே வீசும் எஜெக்ஷன் சீட்டின் பாதுகாப்பு ஊசிகள் எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எத்தனை ஊசி என்பது விமானத்துக்கு விமானம் மாறும், பழைய விமானத்தின் எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். சீட் டிரேடு ஆள் வந்து சொன்ன பிறகே உட்காருங்கள். ஏதாவது கீழே விழுந்தால் கையை விட்டுத் துழாவ வேண்டாம்.

எரிபொருள் நிரப்பும் முன் விமானத்தையும் பவுசரையும் (எரிபொருள் லாரி) இணைப்புக் கம்பியால் இணையுங்கள், அதற்குப் பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். நாளின் முதல் பறப்புக்கு முன் தொட்டியின் அடியில் இருந்து கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். ஜாடி முழுக்க ஒரே நிறமாகத் தெளிவாக இருக்கிறது என்றால் முழுதும் தண்ணீராகவும் இருக்கலாம், ஆகவே முகர்ந்தும் பாருங்கள்.

எழுதுவதும் கையெழுத்தும்

விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான ஃபார்ம் 700-இல் எழுதாத வேலை நடக்காத வேலைதான். ஒரு பேனலைத் திறந்தால் திறந்தவுடனேயே எழுதுங்கள், வேலை முடிந்த பிறகு மொத்தமாக அல்ல. டீக்குப் போனாலும் ஷிஃப்ட் மாறினாலும் "பாதி முடுக்கியது" என்று வாயால் சொல்வது போதாது. எந்த போல்ட் வரை டார்க் ஆனது, எது விரல் இறுக்கத்தில் நிற்கிறது என்று எழுத்தில் விட்டுவிட்டுப் போங்கள். அடுத்த ஷிஃப்ட் ஆளோடு விமானத்தின் பக்கத்தில் நின்று, கையால் தொட்டுக் காட்டி ஒப்படையுங்கள். கன்ட்ரோல் கேபிள், கன்ட்ரோல் ராடு போன்றவற்றில் கை வைத்தால், வேலை செய்தவர் அல்லாத இன்னொருவர் தனியாகச் சோதிக்க வேண்டும். நீங்கள் அந்த இரண்டாவது ஆள் என்றால், முதல் ஆளின் விளக்கத்தைக் கேட்காமல் கையேட்டைப் பார்த்து நீங்களே முதலில் இருந்து பாருங்கள். ஸ்டிக்கை இடது பக்கம் தள்ளினால் எந்த ஏய்லரான் (இறக்கையின் பின் ஓரத்தில் அசையும் பலகை) எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லி, வெளியே நிற்கிறவரோடு சரிபாருங்கள்.

பார்க்காத வேலைக்குக் கையெழுத்துப் போடும் நெருக்கடி மேலே இருந்தும் வரும். வாரன்ட் ஆபீசர் நம்ம ஊர்க்காரராகவே இருந்து, "மக்களே, நான் பாத்தாச்சு, நீ சும்மா போடு" என்று அன்பாகவே சொல்லலாம். அதற்கு மறுத்துப் பேச வேண்டியதில்லை. "சரி சார், ரெண்டு நிமிஷம், நானும் ஒரு தடவ பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். நல்ல சீனியர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அதிகாலை மூன்று மணி முதல் ஐந்து மணி வரை கவனம் மிகக் கீழே போகும். லாக் வயர், கன்ட்ரோல் ரிக்கிங் (கன்ட்ரோல் கேபிள், ராடுகளைச் சரியான அளவுக்கு அமைப்பது) மாதிரி வேலைகளை முடிந்தால் அந்த நேரத்துக்கு வெளியே வைக்கச் சொல்லிக் கேளுங்கள். முடியாவிட்டால் இரண்டு பேராகச் செய்யுங்கள்.

சிவில் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு

ரிசர்வ் காலத்தில் செய்த வேலையைத் தனிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள்: தேதி, விமான வகை, செய்த வேலை, மேற்பார்வையாளர் கையெழுத்து. பதிவெண், படைப்பிரிவின் நடமாட்டம் போன்ற ரகசிய விவரங்களைச் சேர்க்காமல், எந்த அளவு எழுதலாம் என்று யூனிட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். சிவில் விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏ-வின் கார்-66 என்ற பராமரிப்பு உரிம விதிகளில் ராணுவ அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் அதோடு சிவில் விமானத்தில் செய்த அனுபவமும் காட்ட வேண்டும். பி1 உரிமம் இன்ஜினும் உடலும் சார்ந்தது, பி2 மின்சாரமும் ஏவியானிக்ஸும் (விமான மின்னணுக் கருவிகள்) சார்ந்தது. உரிமம் கையில் இருந்தாலும், கடந்த 2 ஆண்டுகளில் 6 மாதப் பராமரிப்பு அனுபவம் இருந்தால்தான் அதைக் கொண்டு விமானம் பறக்கலாம் என்று கையெழுத்திட்டு விடுவிக்கலாம். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பராமரிப்பு ஹேங்கர் இருப்பதால் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேலை தேட அதுதான் அருகில். விண்ணப்பத்தோடு பதிவேட்டின் சான்றொப்பமிட்ட நகலைக் கொடுங்கள், மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.